சிறைக்குள்ளே ஒரு மகளிர் குழு: எலிசபெத் ஃபிரை அம்மையாரின் வாழ்க்கை



நமது கூட்டமைப்பின் சிறப்பு மலருக்காக, மக்களுக்குத் தொண்டு செய்த பெரியவர் ஒருவருடைய வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். நான் எலிசபெத் ஃபிரை அம்மையாரைத் தேர்ந்தெடுத்தேன். இங்கிலாந்து நாட்டுக்காரர். 1845-ல் இறந்துபோனவர். நம்ம ஊர்ப் பக்கம் ஒரு நாளும் வந்ததில்லை.

அவ்வளவு தூரத்து அம்மாவைப் பத்தி நமக்கு எதுக்குன்னு சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. கூட்டத்தில் எல்லாரும் கையைத் தூக்கித் தீர்மானம் போடுவது, பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பு எடுப்பது, சம்பாதிப்பதில் கொஞ்சம் பொதுப் பணத்தில் போடுவது, இதெல்லாம் நாம் குழுவில் வாராவாரம் செய்கிற காரியங்கள். இதையெல்லாம் அந்த அம்மா 1817-லேயே செய்து பார்த்தார். அதுவும் ஒரு சிறைச்சாலைக்குள்ளே, ஊர் உலகமே கைகழுவிவிட்ட பெண்களை வைத்துக்கொண்டு.

இரண்டாவது காரணம், உதவி செய்கிறவருடைய மனசு எப்படி இருக்கணும் என்பது. உதவி செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பேருக்காகச் செய்கிறவர், போட்டோவுக்காகச் செய்கிறவர், நாளைக்கு நம்மிடம் ஏதாவது கேட்பதற்காக இன்றைக்குச் செய்கிறவர், எல்லாரையும் நாம் பார்த்திருக்கிறோம். உண்மையான இரக்கம் எது என்று கண்டுபிடிக்க, அது சோதனையில் நிற்கிறதா என்று பார்க்கணும். இந்த அம்மாவுக்கு மூன்று பெரிய சோதனைகள் வந்தன. மூன்றையும் சொல்கிறேன்.

பணக்கார வீட்டுப் பெண்

எலிசபெத் 1780-ஆம் வருஷம் மே மாதம் 21-ஆம் தேதி நார்விச் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஜான் கர்னி. கம்பளி வியாபாரமும் வங்கித் தொழிலும் செய்த பெரிய பணக்காரர். வீடு நிறையப் பிள்ளைகள். எலிசபெத்துக்கு 12 வயசாகும்போது அம்மா இறந்துவிட்டார். தாயில்லாத வீட்டில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வதில் அந்தப் பெண்ணும் பங்கெடுத்துக்கொண்டார்.

அவர்கள் குடும்பம் கிறிஸ்தவத்தில் குவேக்கர் என்ற பிரிவைச் சேர்ந்தது. குவேக்கர்கள் ஆடம்பரம் இல்லாமல் உடுத்துவார்கள். கோயிலில் அமைதியாக உட்கார்ந்து ஜெபிப்பார்கள். பாதிரியார் என்று தனியாக யாரும் கிடையாது. உள்ளத்தில் தோன்றினால் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். பெண்களும் பேசலாம். அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயம் இல்லீங்க. பெண்கள் சபையில் வாய் திறக்கக்கூடாது என்றிருந்த காலம் அது.

ஆனால் கர்னி வீட்டுப் பிள்ளைகள் அவ்வளவு கட்டுப்பாடாக வளரவில்லை. ஆட்டம், பாட்டு, நல்ல உடுப்பு எல்லாம் உண்டு. எலிசபெத்துக்கு 17 வயசில், 1798-ல், அமெரிக்காவிலிருந்து வில்லியம் சேவரி என்ற குவேக்கர் ஊழியர் நார்விச்சுக்கு வந்து பேசினார். அன்றைக்கு அந்தப் பெண் ஊதா நிற பூட்ஸும் அதில் சிவப்பு நாடாவும் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்திருந்ததாகச் சொல்வார்கள். அந்தப் பேச்சு மனசில் தைத்துவிட்டது. கடவுள் தந்த வாழ்க்கையை இப்படி வீணாக்கலாமா என்ற கேள்வி உள்ளே புகுந்துவிட்டது. அதுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆடம்பரத்தைக் குறைத்தார். ஏழைப் பிள்ளைகளைத் தன் வீட்டுக்கே கூப்பிட்டு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்.

1800-ல் ஜோசப் ஃபிரை என்பவரோடு கல்யாணம் நடந்தது. தேயிலை வியாபாரக் குடும்பம், பிறகு வங்கியும் நடத்தினார்கள். லண்டனில் குடித்தனம். அடுத்தடுத்துப் பிள்ளைகள், மொத்தம் 11 பேர். கடைசிப் பிள்ளை பிறந்த அன்றைக்கே அவருக்கு முதல் பேரப்பிள்ளையும் பிறந்தது! இவ்வளவு பெரிய குடும்பத்துக்கு நடுவிலும் அக்கம்பக்கத்து ஏழைகளுக்கு மருந்து, துணி கொடுப்பது, பிள்ளைகளுக்கு அம்மைக்குத் தடுப்பூசி போடுவது என்று எதையாவது செய்துகொண்டே இருந்தார். 1811-ல் குவேக்கர் சபையார் அவரை ஊழியராக அங்கீகரித்தார்கள்.

நியூகேட் சிறை

1813-ல் ஸ்டீபன் கிரெலெட் என்ற குவேக்கர் ஊழியர் லண்டனில் நியூகேட் சிறைச்சாலையைப் போய்ப் பார்த்தார். பெண்கள் பகுதியைப் பார்த்ததும் அவரால் தாங்க முடியவில்லை. நேராக எலிசபெத் வீட்டுக்கு வந்து சொன்னார். உடனே அந்த அம்மா கம்பளித் துணி வாங்கி, தெரிந்த பெண்களைச் சேர்த்துக் குழந்தை உடுப்புகள் தைத்தார். அதை எடுத்துக்கொண்டு, ஆனா பக்ஸ்டன் என்ற தோழியோடு சிறைக்குப் போனார்.

அங்கே கண்டதைச் சொன்னால் நமக்கு வயிறு கலங்கும். இரண்டு கூடமும் இரண்டு சிற்றறையும் உள்ள இடத்தில் ஏறக்குறைய 300 பெண்கள். கூடவே அவர்களுடைய பிள்ளைகள். தண்டனை அடைந்தவர், இன்னும் விசாரணையே முடியாதவர் எல்லாரும் ஒன்றாக. படுக்கப் பாய்கூட இல்லை. தூங்குவது, சமைப்பது, துவைப்பது எல்லாம் அந்த ஒரே இடத்தில். குடிக்கச் சாராயம் மட்டும் காசு கொடுத்தால் கிடைக்கும். கம்பி வழியாகக் கையை நீட்டி, வருகிறவர்களிடம் பிச்சை கேட்டு, அந்தக் காசுக்குக் குடிப்பார்கள். இத்தனை பெண்களுக்கும் இரவு பகல் காவல் ஒரு ஆளும் அவர் மகனும். பெண் காவலர் ஒருவர்கூட இல்லை.

நோயாளிகள் இருந்த அறையில், இறந்துபோன ஒரு குழந்தையின் மேலிருந்த துணியை இரண்டு பெண்கள் கழற்றி, உயிரோடு இருந்த இன்னொரு குழந்தைக்குப் போட்டுவிடுவதை அந்த அம்மா பார்த்தார். அந்தக் காட்சியை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

இதுதான் முதல் சோதனை. அருவருப்பும் பயமும். உள்ளே போகவேண்டாம், உடுப்பைக் கிழித்துவிடுவார்கள், அடிப்பார்கள் என்று சிறைக் காவலர்களே தடுத்தார்கள். அந்த அம்மா உள்ளே போனார். பிள்ளைகளுக்கு உடுப்பு போட்டுவிட்டார். நோயாளிகளுக்குச் சுத்தமான வைக்கோல் வரவழைத்துப் படுக்க வைத்தார். முழங்கால் போட்டு ஜெபித்தார். அந்தப் பெண்களும் கூடவே முழங்கால் போட்டார்கள்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய நாலு வருஷம் அவரால் சிறைப் பக்கம் போக முடியவில்லை. பிரசவம், உடம்பு சரியில்லை, குடும்பக் கஷ்டம். 1815-ல் ஐந்து வயசு நிரம்பாத மகள் பெட்சி இறந்துபோனாள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் திரும்ப எழுந்து நிற்க எவ்வளவு நாளாகும் என்று நம்மில் அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அப்படி எழுந்து நின்ற அந்த அம்மா, 1816 கிறிஸ்துமஸ் சமயத்தில் மறுபடியும் நியூகேட் சிறை வாசலுக்குப் போனார்.

கொடுப்பதற்கு முன்னால் கேட்டார்

இந்தத் தடவை அவர் வேறு மாதிரி போனார். காவலர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, பெண்களோடு தனியாக இருந்தார். கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னதற்கும் அவர் சம்மதிக்கவில்லை. அப்படியே உள்ளே போய் ஒரு குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். தானும் பிள்ளை பெற்றவள் என்றும், இந்தப் பிள்ளைகளுக்காக நாம் சேர்ந்து ஏதாவது செய்ய முடியாதா என்றும் தாய்மார்களிடம் கேட்டார்.

சகோதரிகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 1813-ல் அவர் துணி கொண்டு போய்க் கொடுத்தார். நல்ல காரியம்தான். ஆனா துணி கிழிஞ்சுபோகும், பிள்ளை வளர்ந்துடும், சிறை அப்படியேதான் இருக்கும். 1816-ல் அவர் கையில் எதுவும் கொண்டுபோகவில்லை. கேள்வியைக் கொண்டுபோனார். உங்களுக்கு என்ன வேணும்னு யாருமே அதுவரை அந்தப் பெண்களைக் கேட்டதில்லை.

பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று தாய்மார்கள் சொன்னார்கள். யார் டீச்சர்? அதையும் அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னார். மேரி கானர் என்ற பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு கடிகாரத்தைத் திருடியதாக உள்ளே வந்தவர், கொஞ்சம் படித்தவர். சிறை அதிகாரிகள், இது நடக்காது, இடமும் இல்லை என்றார்கள். காலியாக இருந்த ஒரு சிற்றறையைக் கேட்டு வாங்கி, அதிலேயே பள்ளிக்கூடம் தொடங்கினார் எலிசபெத் அம்மா. மேரி கானர் அந்தப் பள்ளிக்கூடத்தை நல்லபடி நடத்தினார். பிறகு அவருக்கு மன்னிப்பும் கிடைத்தது. ஆனால் அதற்குள் காசநோய் முற்றி, விடுதலையை அனுபவிக்கக் கொடுத்துவைக்காமல் இறந்துபோனார்.

பள்ளிக்கூடத்தைப் பார்த்துப் பெரிய பெண்களும் வந்து நின்றார்கள். எங்களுக்கும் ஏதாவது சொல்லிக் கொடுங்கள், சும்மா உட்கார்ந்திருப்பதுதான் எங்களைக் கெடுக்கிறது என்று கெஞ்சினார்கள்.

12 பேருக்கு ஒரு பொறுப்பாளர்

1817 ஏப்ரலில் எலிசபெத் அம்மா ஒரு சங்கம் ஆரம்பித்தார். நியூகேட் பெண் கைதிகளின் முன்னேற்றத்துக்கான சங்கம். குவேக்கர் பெண்கள் 11 பேர், வேறு சபைப் பாதிரியாரின் மனைவி ஒருவர், ஆக 12 பேர். தினமும் முறை வைத்து ஒருவராவது சிறைக்குப் போவது என்று முடிவு. முழு நேரமும் உள்ளேயே இருந்து பார்த்துக்கொள்ள ஒரு மேற்பார்வைப் பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்தார்கள்.

அதிகாரிகளைக் கூட்டி வந்து, கைதிகள் எல்லாரையும் உட்கார வைத்து, எலிசபெத் அம்மா விதிமுறைகளைப் படித்தார். பிச்சை கேட்கக் கூடாது. கெட்ட வார்த்தை, சண்டை, சீட்டாட்டம், சூதாட்டம் கூடாது. எல்லாரும் தையல், பின்னல் வேலை செய்யணும். 12 பேருக்கு ஒரு பொறுப்பாளர் இருக்கணும். காலையும் மாலையும் கூடி வேதம் வாசிப்பதைக் கேட்கணும். வேலைக்குச் சரியான கணக்கு வைக்கணும்.

ஆனால் விதியைப் படித்ததோடு நிறுத்தவில்லை. இங்கே யாரையும் அதிகாரம் பண்ண நாங்கள் வரவில்லை, நீங்கள் சம்மதித்தால்தான் இது விதி என்று விளக்கினார். ஒவ்வொரு விதிக்கும் தனித்தனியாகக் கை தூக்கச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் எல்லாக் கையும் மேலே போனது. பொறுப்பாளர்களின் பெயர்களையும் அப்படியே ஒவ்வொன்றாகச் சொல்லிச் சம்மதம் வாங்கினார். பொறுப்பாளரே விதியை மீறினால் அவரை மாற்றி வேறு ஒருவரைப் போடலாம் என்பதும் விதி.

அந்த நாட்டில் ஓட்டுப் போட எந்தப் பெண்ணுக்கும் அப்போது உரிமை கிடையாது. ராணி வீட்டுப் பெண்ணுக்கும் கிடையாது. அப்படிப்பட்ட காலத்தில், சிறைக்குள்ளே, திருடி என்று பெயர் வாங்கிய பெண்கள் கையைத் தூக்கித் தங்கள் சட்டத்தைத் தாங்களே நிறைவேற்றினார்கள். தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடும்போது நமக்கு வருகிற அந்த நிமிர்வு, அன்றைக்கு அவர்களுக்கும் வந்திருக்கும்.

வேலையும் வருமானமும்

தைக்கத் துணி வேண்டும், தைத்ததை விற்க வேண்டும். நம்ம குழுக்களுக்கு இன்றைக்கும் இருக்கிற அதே தலைவலிதான். ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர்களுக்குத் துணிமணி அனுப்புகிற ஒரு நிறுவனம் லண்டனில் இருந்தது. அவர்களிடம் போய், உங்கள் வியாபாரத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளத்தான் வந்திருக்கிறோம் என்று ஒளிவு மறைவு இல்லாமல் சொல்லி, யோசனை கேட்டார்கள். அந்த முதலாளிகள் கோபப்படவில்லை. வேலையைத் தாங்களே தருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

பத்து மாதத்தில் ஏறக்குறைய 20,000 உருப்படிகள் தைத்தார்கள். மாதம் 60 முதல் 100 ஜோடிக் காலுறைகள் பின்னினார்கள். ஒவ்வொருவருக்கும் வாரத்துக்குச் சராசரியாக 18 பென்ஸ் கூலி கிடைத்தது. சின்னக் காசுதான். ஆனால் பிச்சைக் காசு இல்லை, உழைத்த காசு. அந்தக் கூலியிலிருந்து எல்லாருமாக மாதம் சுமார் 4 பவுண்டு பொதுவில் போட்டார்கள். சங்கம் அதோடு 8 பவுண்டு சேர்த்தது. அந்தப் பணத்தில் கைதிகளுக்கு உடுப்பு வாங்கினார்கள். நம்ம சேமிப்போடு சுழல்நிதி சேர்ந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

சில வாரங்களில் அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்திய பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் கண்ணையே நம்ப முடியவில்லை. லண்டன் நகர நிர்வாகம் இந்த முறையை ஏற்றுக்கொண்டு, மேற்பார்வைப் பெண்ணின் சம்பளத்தில் ஒரு பங்கைத் தர முன்வந்தது.

பேரும் புகழும் வந்தபோது

இரண்டாவது சோதனை இங்கேதான் வருகிறது. புகழ்.

1818-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு அவரைக் கூப்பிட்டு, சிறைகளைப் பற்றிச் சாட்சி சொல்லச் சொன்னது. ஒரு பெண் அங்கே போய் உட்கார்ந்து பேசியது பெரிய அதிசயம். பத்திரிகைகள் எழுதின. பிரபுக்களும் சீமாட்டிகளும் வண்டி கட்டிக்கொண்டு, அவர் கைதிகளுக்கு வேதம் வாசிப்பதைப் பார்க்க நியூகேட்டுக்கு வந்தார்கள். பின்னால் பிரஷ்யா நாட்டு ராஜாவே வந்தார்.

அந்த அம்மா நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவர். அதில் அவர் திரும்பத் திரும்பத் தன்னையே கேள்வி கேட்டிருக்கிறார். இந்தப் புகழ் எனக்குப் பிடித்துப்போய்விட்டதா? கடவுளுக்காகச் செய்கிறேனா, மனிதர் பாராட்டுக்காகச் செய்கிறேனா? இதுதான் அவர் கவலை. தன் நோக்கத்தைத் தானே சந்தேகப்பட்டுப் பார்க்கிற ஆள் அவர். ஊர் புகழும்போது தன்னைத் தானே தணிக்கை செய்துகொண்டார். நம்ம குழுக் கணக்கை வருஷா வருஷம் தணிக்கை செய்கிற மாதிரி, மனசுக்கும் ஒரு தணிக்கை!

புகழ் முக்கியம் என்று நினைத்திருந்தால் அவர் அரசாங்கத்தைப் பகைத்திருக்க மாட்டார். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் 200-க்கும் மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்கு. கள்ள நோட்டு மாற்றினாலும் தூக்குத்தான். ஹேரியட் ஸ்கெல்டன் என்ற பெண், தான் நம்பிய ஆணின் பேச்சைக் கேட்டுக் கள்ள நோட்டை மாற்றி மாட்டிக்கொண்டார். 1818-ல் அவருக்குத் தூக்கு. எலிசபெத் அம்மா அவருக்காக இங்கிலாந்து வங்கியிடம் முயற்சி செய்தார், உள்துறை அமைச்சர் சிட்மவுத் பிரபுவிடமும் போனார். அமைச்சர் எரிச்சல்பட்டார். ஹேரியட்டைத் தூக்கில் போட்டுவிட்டார்கள். மேலிடத்து ஆதரவு அன்றோடு குறைந்தது. அதற்காக அந்த அம்மா தூக்குத் தண்டனைக்கு எதிராகப் பேசுவதை நிறுத்தவில்லை.

பார்வையாளராக வந்த ஒரு சீமாட்டி ஒரு கைதியைக் காட்டி, இவள் என்ன குற்றம் செய்தாள் என்று கேட்டபோது, அதை நான் கேட்டதே இல்லை என்று எலிசபெத் அம்மா சொன்னதாகச் சொல்வார்கள். என்ன தப்பு பண்ணினேன்னு கேட்டுட்டு அப்புறம் சோறு போடுறது இரக்கம் ஆகாதுங்க. சிறையில் இருப்பவரைப் போய்ப் பார்த்தால் அது தன்னையே வந்து பார்த்த மாதிரி என்று இயேசு போதித்ததை அவர் அப்படியே நம்பினார். அதனால்தான் அவர் கண்ணுக்கு அங்கே இருந்தவர்கள் திருடிகளாகத் தெரியவில்லை.

கப்பலில் போன பெண்கள்

நாடு கடத்தல் என்ற தண்டனை ஒன்று இருந்தது. கப்பலில் ஏற்றி, பல மாதம் கடலில் கொண்டுபோய், ஆஸ்திரேலியாவில் இறக்கிவிடுவார்கள். சிறையிலிருந்து துறைமுகத்துக்குப் பெண்களை விலங்கு போட்டு, திறந்த வண்டியில் கொண்டுபோவார்கள். தெருவில் கூட்டம் கூடிச் சேற்றை வாரி அடிக்கும். அந்த அவமானத்துக்குப் பயந்து, கிளம்புவதற்கு முந்தின இரவு பெண்கள் ஆவேசம் வந்த மாதிரி சிறையில் கண்ணாடி, சாமான் எல்லாவற்றையும் உடைப்பார்கள்.

1818-ல் எலிசபெத் அம்மா சிறை அதிகாரியிடம் பேசி, மூடிய வண்டிகளில் கொண்டுபோக ஏற்பாடு செய்தார். தானும் கூட வருவதாகப் பெண்களுக்கு வாக்குக் கொடுத்து, அதன்படியே போனார். அன்று இரவு சிறையில் ஒரு பொருளும் உடையவில்லை. கப்பலில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பை கொடுத்தார். ஊசி, நூல், கத்தரி, துணித் துண்டுகள் எல்லாம் அதில் இருக்கும். பயணத்தில் அந்தத் துண்டுகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைக்கலாம். இறங்கின இடத்தில் விற்றால் கைக்குக் கொஞ்சம் காசு.

கால் நூற்றாண்டில் 100-க்கும் மேற்பட்ட கப்பல்களுக்கு இப்படி ஏற்பாடு நடந்தது. 1841-ல் ராஜா என்ற கப்பலில் போன பெண்கள் 2,815 துணித் துண்டுகளைச் சேர்த்து ஒரு பெரிய போர்வை தைத்து, சங்கத்துப் பெண்களுக்கு நன்றி சொல்லி அதில் எழுத்தும் பின்னினார்கள். அந்தப் போர்வை இன்றைக்கும் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தில் பத்திரமாக இருக்கிறது.

நியூகேட்டைப் பார்த்து மற்ற ஊர்களிலும் பெண்கள் இதே மாதிரி சங்கங்கள் ஆரம்பித்தார்கள். 1821-ல் அந்தச் சங்கங்களை எல்லாம் இணைத்து நாடு முழுவதற்கும் ஒரு அமைப்பு உருவானது. நம்ம பாஷையில் சொன்னால், கூட்டமைப்பு! 1823-ல் வந்த சிறைச் சட்டம், பெண் கைதிகளுக்குப் பெண் காவலர்தான் இருக்கணும் என்று சொன்னது.

பணம் போனபோது

மூன்றாவது சோதனைதான் பெரியது.

1828 நவம்பரில் கணவரின் வங்கி திவாலானது. சேமிப்புப் போட்ட பலருக்கு நஷ்டம். பெரிய வீட்டைக் காலி செய்துவிட்டுச் சின்ன வீட்டுக்குக் குடிபோனார்கள். குவேக்கர்கள் கடன், நாணயம் விஷயத்தில் கண்டிப்பானவர்கள். திவாலான ஜோசப்பைச் சபையிலிருந்து நீக்கிவிட்டார்கள். சகோதரர்கள் கொடுத்த உதவியில் குடும்பம் நடந்தது. அதுவரை கொடுத்தே பழகிய கை, இப்போது வாங்க வேண்டியதாயிற்று.

வங்கிப் பணத்தைத் தர்மத்துக்கு அள்ளி இறைத்துவிட்டார் என்று அபாண்டமாகப் பேசினார்கள். வீட்டையும் பிள்ளைகளையும் கவனிக்காமல் ஊர் சுற்றினால் இப்படித்தான் ஆகும் என்றும் பேசினார்கள். இந்தப் பேச்சு முன்னாலேயே இருந்ததுதான், இப்போது சத்தமாக வந்தது. குழுக் கூட்டத்துக்குப் போய்விட்டு லேட்டா வீட்டுக்கு வருகிற எந்தப் பெண்ணுக்கும் இது புதுசு இல்லை.

அந்த அம்மா உடைந்துபோனார். ஜனங்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று கூசினார். கொடுக்கப் பணம் இல்லாதவள் இனி எதற்குச் சிறைக்குப் போகவேண்டும் என்று நினைத்திருக்கலாம். ஆனால் கொஞ்ச காலத்தில் மறுபடியும் கிளம்பிவிட்டார். பணம் இருந்தபோதும் அந்தப் பெண்களுக்கு அவர் அதிகமாகக் கொடுத்தது பணத்தை இல்லையே. பக்கத்தில் போய் உட்கார்ந்ததுதான் அவர் கொடுத்த பெரிய தர்மம். அதற்குக் கையில் காசு வேண்டியதில்லை.

பிறகும் 15 வருஷத்துக்கு மேல் உழைத்தார். ஐரோப்பாவில் பல நாடுகளின் சிறைகளைப் போய்ப் பார்த்தார். கைதிகளைத் தனிமையிலும் இருட்டறையிலும் அடைத்து வைப்பதை எதிர்த்தார். 1840-ல் ஏழை வீடுகளுக்கும் போய் நோயாளிகளைக் கவனிக்க, பெண்களுக்கு நர்ஸ் பயிற்சி தொடங்கினார்.

1845 அக்டோபர் 12-ஆம் தேதி ராம்ஸ்கேட் என்ற கடற்கரை ஊரில் இறந்தார். பார்க்கிங் என்ற இடத்தில் குவேக்கர்களின் கல்லறையில் அடக்கம் செய்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சத்தமில்லாமல் நின்றார்கள்.

ஹேரியட்டைக் காப்பாற்ற அந்த அம்மா எந்த வங்கியிடம் போய் நின்றாரோ, அதே இங்கிலாந்து வங்கி 2002 முதல் 2017 வரை புழக்கத்தில் விட்ட 5 பவுண்டு நோட்டில் அவருடைய படத்தைப் போட்டது. நியூகேட் கைதிகளுக்கு அவர் வாசிக்கிற காட்சியும் அதில் இருந்தது. நோட்டுக்காக உயிரை எடுத்த காலம் போய், அந்த உயிருக்காகப் பேசியவரின் முகம் நோட்டிலேயே வந்தது.

நமக்கு என்ன?

நம் கூட்டமைப்பில் எல்லாச் சாதி, மதத்துச் சகோதரிகளும் இருக்கிறோம். எலிசபெத் அம்மா தன் கிறிஸ்தவ நம்பிக்கையில் நின்று இதைச் செய்தார். இரக்கம் எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள மூன்று விஷயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒன்று, உதவி செய்யப் போகும்போது முதலில் கேளுங்கள். அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத்தான் தெரியும். இரண்டு, நாலு பேர் நம்மைப் பாராட்டுகிற நாளில், இதை எதற்காகச் செய்கிறேன் என்று ஒரு தடவை நமக்குள்ளே கேட்டுக்கொள்வோம். மூன்று, கையில் ஒன்றும் இல்லாத நாளிலும் நம்மால் கொடுக்க முடியும். தவணை கட்ட முடியாமல் நாலு வாரமாகக் கூட்டத்துக்கு வராத சகோதரி ஒவ்வொரு ஊரிலும் ஒருத்தி இருப்பாள். கணவர் ஜெயிலுக்குப் போனதால் தெருவில் யாரும் பேசாத வீடு ஒன்று இருக்கும். அந்த வீட்டுத் திண்ணையில் போய் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவதற்கு எந்தக் குழுவிலும் தீர்மானம் போட வேண்டியதில்லை. இந்த வாரமே போகலாம்.